வரி எண்ணுக்கு முன்னால் வரும் சம்பளம்

ஜெர்மனிக்கு வேலைக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திடுக்கிட்டிருக்கிறார்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கணக்குப் போட்டு, வாடகைக்கு இவ்வளவு, வீட்டு முன்பணத்துக்கு இவ்வளவு, அம்மாவுக்கு அனுப்ப இவ்வளவு என்று பிரித்து வைத்திருப்பார்கள். வங்கிக் கணக்கில் விழுந்த தொகை அதைவிடப் பல நூறு யூரோ குறைவாக இருக்கும். சீட்டின் தலைப்பகுதியில், பிறந்த தேதிக்குப் பக்கத்தில், வரி வகுப்பு என்று சிறிய கட்டம் ஒன்று உண்டு. மணமாகாதவருக்கு அதில் 1 இருக்க வேண்டும். 6 என்று அச்சாகியிருந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: சம்பளப் பிரிவின் கையில் அவருடைய வரி அடையாள எண் இல்லை.

அலுவலகத்தில் கேட்டால், "எண் வந்ததும் சரியாகிவிடும், அதுவரை ஆறாம் வகுப்புதான், சட்டம் அப்படி" என்று பதில் வரும். புதிதாக வந்தவர் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. எண் வராததற்கு ஊழியர் பொறுப்பல்ல என்றால், மூன்று மாதம் வரை அவருக்கு உரிய வகுப்பிலேயே வரி பிடிக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. இந்த மறுபாதியை யாரும் எடுத்துச் சொல்லாததால், கடன் வாங்கி முதல் மாதங்களைத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்க வேண்டாத கடன் அது.

ஓர் எண் இல்லாததற்கு இவ்வளவு பெரிய விளைவு ஏன் என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னே போக வேண்டும். முன்பெல்லாம் ஜெர்மனியில் ஊழியரின் வரி விவரங்கள் காகித அட்டை ஒன்றில் இருந்தன. நகராட்சி ஆண்டுதோறும் அந்த அட்டையை வழங்கும். ஊழியர் அதைக் கொண்டுபோய் முதலாளியிடம் கொடுப்பார். வரி வகுப்பு, குழந்தைகள், மதம் எல்லாம் அதில் அச்சிட்டிருக்கும். 2010ஆம் ஆண்டுக்கானதே கடைசி அட்டை. 2013 முதல் இந்த விவரங்கள் மத்தியத் தரவுத்தளத்துக்குப் போய்விட்டன. முதலாளி ஊழியரின் வரி அடையாள எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்து விவரங்களை மின்வழியில் எடுத்துக்கொள்கிறார். எண் இல்லையென்றால் அந்தத் தரவுத்தளம் திறக்காது. ஊழியர் மணமானவரா, இது அவருடைய முதல் வேலையா இரண்டாவது வேலையா என்று எதுவும் முதலாளிக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் அரசு தன் வருவாயைப் பாதுகாத்துக்கொள்கிறது. ஆறாம் வகுப்பு என்பது உண்மையில் இரண்டாவது வேலைக்கான வகுப்பு. முதல் வேலையிலேயே அடிப்படை வரி விலக்கு கிடைத்திருக்கும் என்ற அனுமானத்தில், இங்கே அந்த விலக்கு கிடையாது. 2026ஆம் ஆண்டுக்கு அந்த விலக்குத் தொகை 12,348 யூரோ, அதாவது மாதத்துக்கு 1,029 யூரோ. பகுதிநேர வேலையில் மாதம் 1,000 யூரோ வாங்கும் மாணவர் ஒன்றாம் வகுப்பில் வருமான வரியாக ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பில் அவரிடமிருந்து நூறு யூரோவை ஒட்டிப் போய்விடும். மாணவர் வாழ்க்கையில் அது பல வார மளிகைச் செலவு.

ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு, முதுமைப் பராமரிப்புக் காப்பீடு ஆகியவற்றுக்குப் பிடிக்கும் தொகைகளுக்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. எந்த வகுப்பில் இருந்தாலும் அவை போகும். சீட்டில் எல்லாப் பிடித்தங்களையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, எண் வந்ததும் அத்தனையும் திரும்பிவிடும் என்று நம்புகிறவர்கள் இரண்டாவது முறையும் ஏமாறுகிறார்கள். பார்க்க வேண்டியது வருமான வரி என்ற ஒரு வரியைத்தான். அதோடு, தேவாலய உறுப்பினர் என்று பதிவானவர்களுக்கு அதன் மேல் விழும் தேவாலய வரியையும் பார்க்க வேண்டும். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பர்க்கிலும் வருமான வரியில் 8 விழுக்காடு, மற்ற மாநிலங்களில் 9 விழுக்காடு. வருமான வரி ஏறினால் அதுவும் கூடவே ஏறும்.

இந்தியாவில் பான் கார்டுக்கு நாமே விண்ணப்பிக்கிறோம். அந்தப் பழக்கத்தில், இங்கே வந்ததும் வரி எண்ணுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று தேடி அலைகிறோம். இங்கே விண்ணப்பம் என்று ஒன்றே கிடையாது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இங்குள்ளவர்கள் 'அன்மெல்டுங்' என்று சொல்வது இதைத்தான். பதிவு முடிந்ததும் நகராட்சி அந்த விவரங்களை மின்வழியில் கூட்டாட்சி மத்திய வரி அலுவலகத்துக்கு அனுப்புகிறது. ரைன் ஆற்றங்கரையில், பான் நகரில் உள்ள அலுவலகம் அது. ஒரே ஆளுக்கு ஏற்கெனவே எண் இருக்கிறதா என்று அங்கே சரிபார்க்கிறார்கள். இல்லையென்றால் பதினோரு இலக்க எண் ஒன்றை ஒதுக்கி, சாதாரணத் தபாலில் கடிதமாக அனுப்புகிறார்கள். வழக்கமாக இரண்டு முதல் நான்கு வாரத்தில் வந்து சேரும்.

தபாலில் மட்டும்தான் வரும். தொலைபேசியில் சொல்ல மாட்டார்கள், மின்னஞ்சலிலும் அனுப்ப மாட்டார்கள். இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று எரிச்சல் வருவது இயல்புதான். அதற்குப் பின்னால் ஜெர்மானியர்களின் நீண்ட அச்சம் இருக்கிறது. 1983இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், தன்னைப் பற்றிய தகவல் யாரிடம் போக வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று கூட்டாட்சி அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவரைப் பற்றிய எல்லாவற்றையும் ஒரே எண்ணில் கட்டிப்போடக் கூடாது என்பது அதன் பிறகு இந்த நாட்டு அரசியலில் வேரூன்றிய எண்ணம். 2008இல் நாட்டு மக்கள் அனைவருக்கும் வரி எண் அனுப்பத் தொடங்கியபோது வழக்குகள் வந்தன. 2012இல் கூட்டாட்சி வரி நீதிமன்றம் இந்த எண் செல்லும் என்று சொன்ன பிறகுதான் சர்ச்சை தணிந்தது. எண்ணை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதில் கட்டுப்பாடு, யாரிடம் சொல்லலாம் என்பதில் கட்டுப்பாடு எல்லாம் அந்த வரலாற்றின் மிச்சம். இதில் பயனுள்ள ஒரு தகவலும் அடங்கியிருக்கிறது: பணம் கட்டினால் மின்னஞ்சலில் எண்ணை வாங்கித் தருகிறோம் என்று யார் சொன்னாலும் அது மத்திய வரி அலுவலகத்தின் வேலை அல்ல. எண்ணும் இலவசம், அதைத் திரும்பக் கேட்டாலும் இலவசம்.

சரி, கடிதம் ஏன் வராமல் போகிறது? அலுவலகத்தின் தாமதத்தைவிட அடிக்கடி நடப்பது வேறொன்று. ஜெர்மனியில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் பெரும்பாலும் வீட்டு எண்ணே கிடையாது. தெருப் பெயரும் கட்டட எண்ணும் மட்டும்தான் முகவரி. வாசல் நடையில் தகரப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் விரல் அகலத்தில் ஒரு பெயர்ச்சீட்டு. தபால்காரர் பார்ப்பது அந்தச் சீட்டை மட்டுமே. கடிதத்தில் உள்ள பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லையென்றால், அனுப்பியவருக்கே திரும்பிவிடும். உள்வாடகைக்கு ஓர் அறையில் இருப்பவர், நண்பர் வீட்டில் தற்காலிகமாகப் பதிவு செய்தவர், மாணவர் விடுதியில் முந்தைய மாணவரின் பெயர்ச்சீட்டை மாற்றாமல் விட்டவர் ஆகியோருக்குத்தான் கடிதம் காணாமல் போகிறது. வெறும் காகிதத்தில் பெயரை எழுதி ஒட்டுநாடாவால் ஒட்டினால் போதும். அலுவலகக் கதவுகளைத் தட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

தமிழர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்பதே இல்லை. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். இட்ட பெயரும் தந்தை பெயரும் ஒரே கட்டத்தில் சேர்ந்திருக்கும். குடும்பப் பெயர் இல்லாமல் ஒருவரைப் பதிவு செய்ய ஜெர்மானியப் பதிவேட்டுக்கு வழி தெரியாது. ஆகவே முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்திலேயே போட்டுவிடுவதுண்டு. பெட்டியில் நாம் ஒட்டியிருப்பது நம்மை எல்லோரும் அழைக்கும் பெயர். கடிதத்தில் வருவதோ தந்தை பெயரோடு சேர்ந்த நீளப் பெயர். இலங்கையிலிருந்து வந்த மூத்த தலைமுறைக்கும் இந்தச் சிக்கல் புதிதல்ல. பெயர்கள் நீளம், எழுத்துக்கூட்டலும் ஆவணத்துக்கு ஆவணம் மாறும். முகவரிப் பதிவு முடிந்ததும் நகராட்சி கொடுக்கும் தாளில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, வரிசை மாறாமல், பெட்டியில் எழுதுங்கள். அழைக்கும் பெயரையும் அதன் கீழே போட்டுக்கொள்ளலாம்.

பெயர் குழப்பம் கடிதத்தைத்தான் தடுக்கும், சம்பளத்தைத் தடுக்காது. தரவுத்தளத்தை முதலாளி திறப்பது எண்ணையும் பிறந்த தேதியையும் வைத்துத்தான். ஆக, கவனமாகப் பார்க்க வேண்டியது பிறந்த தேதி. பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, கடவுச்சீட்டில் ஒரு தேதி என்று இருப்பவர்கள் நம் ஊர்களில் உண்டு. நகராட்சியில் பதிவான தேதியும் நிறுவனத்துக்குக் கொடுத்த தேதியும் ஒன்றாக இல்லையென்றால், எண் சரியாக இருந்தும் விவரங்கள் கிடைக்காது. கடிதத்திலேயே பெயரோ தேதியோ தவறாக அச்சாகியிருந்தால் மத்திய அலுவலகத்துக்கு எழுதிப் பயனில்லை. அவர்கள் நகராட்சி அனுப்பியதை அப்படியே வைத்திருக்கிறார்கள். நகராட்சியில் திருத்தினால் தானாக அங்கும் திருந்திவிடும்.

இனி சம்பளப் பிரிவோடு பேசும் விஷயம். வருமான வரிச் சட்டத்தின் 39சி பிரிவு, முதல் உட்பிரிவு. அதன் முதல் வாக்கியம் எல்லோருக்கும் தெரிந்தது: ஊழியர் தன் தவறால் எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுக்காவிட்டால் ஆறாம் வகுப்பு. இரண்டாவது வாக்கியம்தான் நமக்கு வேண்டியது. எண் கிடைக்காததற்கு ஊழியர் பொறுப்பல்ல என்றாலோ, தொழில்நுட்பக் கோளாறால் விவரங்களை எடுக்க முடியவில்லை என்றாலோ, அதிகபட்சம் மூன்று காலண்டர் மாதங்களுக்கு முதலாளி ஊழியருக்குப் பொருந்தக்கூடிய வகுப்பை வைத்தே வரி கணக்கிட வேண்டும். 'கணக்கிடலாம்' என்று அங்கே எழுதவில்லை. இரக்கப்பட்டுச் செய்யும் சலுகை அல்ல அது, முதலாளியின் கடமை.

பிறகு ஏன் இத்தனை நிறுவனங்கள் ஆறைப் போடுகின்றன? கெட்ட எண்ணம் என்று நான் நினைக்கவில்லை. பல நிறுவனங்கள் சம்பளக் கணக்கை வெளியே ஒரு கணக்காளரிடம் விட்டுவிடுகின்றன. எண் கட்டம் காலியாக இருந்தால் ஆறு என்று போட்டுவிடுவது கணக்காளருக்குப் பாதுகாப்பு, ஏனென்றால் குறைவாகப் பிடித்த வரிக்கு அரசு முதலாளியையும் பொறுப்பாக்கும். ஊழியர் எதுவும் எழுதிக் கேட்காதவரை, தாமதம் யாருடைய தவறு என்பது கணக்காளருக்குத் தெரிய வழியில்லை. கேட்க வேண்டியது நாம்தான். கேட்கும் மின்னஞ்சல் சிறியதாக இருந்தால் போதும்: இந்தத் தேதியில் முகவரியைப் பதிவு செய்துவிட்டேன், பதிவுச் சான்றை இணைத்திருக்கிறேன், எண் இன்னும் தபாலில் வரவில்லை, இதுவே என் முதன்மை வேலை, 39சி பிரிவின்படி ஒன்றாம் வகுப்பில் கணக்கிடுங்கள். மாதச் சம்பளக் கணக்கு முடிவதற்கு முன்பே, அதாவது வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அனுப்புவது நல்லது. பதிவுச் சான்று இங்கே முக்கியம். நாம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. பதிவே செய்யாமல் இருந்தால் "என் தவறில்லை" என்று சொல்ல முடியாது. தாமதமாகப் பதிவு செய்தால் 1,000 யூரோ வரை அபராதமும் விதிக்கலாம்.

மூன்று மாத அவகாசத்துக்கு ஒரு கூர்முனை உண்டு. அதற்குள்ளும் எண்ணைக் கொடுக்காவிட்டால், முதல் மாதத்திலிருந்தே ஆறாம் வகுப்பு பின்தேதியிட்டு வந்துவிடும். மூன்று மாத வித்தியாசமும் ஒரே சம்பளத்தில் பிடிபடும். அதனால் அவகாசம் இருக்கிறது என்று சும்மா இருக்கக் கூடாது. பதிவு செய்து ஒரு மாதம் கழித்தும் கடிதம் வரவில்லையென்றால், மத்திய வரி அலுவலகத்தின் இணையதளத்தில் உள்ள படிவத்தில் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், பதிவான முகவரி ஆகியவற்றைக் கொடுத்து எண்ணை மீண்டும் அனுப்பச் சொல்லலாம். அதுவும் தபாலில்தான், பதிவான முகவரிக்குத்தான் வரும். இன்னும் சில வாரம் பிடிக்கும். நேரில் போவது பல ஊர்களில் விரைவான வழி. எண் ஒதுக்கப்பட்டதும் அது நகராட்சிப் பதிவேட்டிலும் ஏறிவிடுகிறது. கடவுச்சீட்டோடு நகராட்சி அலுவலகத்திலோ, 'ஃபினான்ஸாம்ட்' என்னும் உள்ளூர் வரி அலுவலகத்திலோ கேட்டால் பல இடங்களில் அங்கேயே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

எண்ணே ஒதுக்கப்படவில்லை என்றால் இன்னொரு கதவு இருக்கிறது. அது அதிகம் பேருக்குத் தெரியாது. 39இ பிரிவின் எட்டாம் உட்பிரிவின்படி, எண் இல்லாத ஊழியருக்கு உள்ளூர் வரி அலுவலகம் விண்ணப்பத்தின்பேரில் காகிதச் சான்று ஒன்றைக் கொடுக்க வேண்டும். வரி வகுப்பு அதிலேயே எழுதியிருக்கும். அந்த ஆண்டு முழுக்க மின்விவரத்துக்குப் பதிலாக முதலாளி அதைப் பயன்படுத்தலாம். பழைய காகித அட்டையின் கடைசி வாரிசு என்று அதைச் சொல்லலாம். ஜெர்மனியில் குடியிருக்காமல் இங்கே வேலை மட்டும் செய்பவர்களுக்கு முகவரிப் பதிவு இருக்காது. அவர்களுக்கும் வரி அலுவலகம் வழியாகவே எண் வாங்கும் தனிப் படிவம் இருக்கிறது.

முன்பு படிக்க வந்து, ஊர் திரும்பி, சில ஆண்டுகள் கழித்து வேலைக்கு வந்தவர்கள் இன்னொரு வகை. அவர்கள் புதுக் கடிதத்துக்காகக் காத்திருப்பார்கள், அது வராது. இந்த எண் வாழ்நாளுக்கு ஒன்றுதான். படித்த காலத்துப் பகுதிநேர வேலையின் ஆண்டிறுதி வரிச் சான்றிலோ, பழைய சம்பளச் சீட்டிலோ அது இருக்கும். ஊர் மாறும்போது மாறக்கூடியது வேறு எண். வரிக் கணக்கு தாக்கல் செய்பவருக்கு உள்ளூர் அலுவலகம் கொடுக்கும் கோப்பு எண் அது, இடையில் சாய்கோடுகளோடு வரும். அதைச் சம்பளப் பிரிவுக்குக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பவர்கள் உண்டு. ஓய்வூதியக் காப்பீட்டு எண்ணைக் கொடுப்பவர்களும் உண்டு. அதன் நடுவே ஓர் எழுத்து இருக்கும். வரி அடையாள எண் என்றால் பதினோரு இலக்கம், எழுத்தும் கோடும் இல்லை, பூஜ்யத்தில் தொடங்காது.

எண்ணைக் கொடுத்த பிறகும் ஆறாம் வகுப்பு நீங்கவில்லையென்றால், பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. எண்ணைப் பதிவு செய்யும்போது, தான் முதன்மை முதலாளியா துணை முதலாளியா என்று நிறுவனம் குறிக்க வேண்டும். துணை என்று தவறாகக் குறித்துவிட்டால் ஆறுதான் வரும். வேலைக்குச் சேரும்போது நிரப்பும் படிவத்தில் இந்தக் கேள்வியை நாமே தவறாக நிரப்பியிருக்கவும் வாய்ப்புண்டு. சம்பளப் பிரிவு ஒரு குறியை மாற்றினால் தீரும் சங்கதிக்கு வரி அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டாம்.

குழந்தை பிறந்த வீடுகளில் இதே எண் வேறு வழியில் குறுக்கே நிற்கிறது. குழந்தைக்கும் தனி வரி எண் உண்டு. பிறப்புப் பதிவு முடிந்ததும் தானாக ஒதுக்கப்பட்டு, பெற்றோர் முகவரிக்குத் தபாலில் வரும். மாதம் 259 யூரோ குழந்தை உதவித்தொகை பெற, 2016 முதல் பெற்றோர், குழந்தை இருவரின் எண்ணும் வேண்டும். கடிதம் வரட்டும் என்று விண்ணப்பத்தையே தள்ளிப்போடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிசகு. விண்ணப்பித்த நாளிலிருந்து பின்னோக்கி ஆறு மாதத்துக்குத்தான் பணம் கொடுப்பார்கள். ஆனால் எண் தாமதமாக ஒதுக்கப்பட்டால், அது முந்தைய மாதங்களுக்கும் சேர்த்தே செல்லும் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே எண் இல்லாமலே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள், எண்ணைப் பிறகு அனுப்பலாம். இந்த உதவித்தொகை எல்லா விசாக்களுக்கும் கிடைக்காது. பட்டம் பெற்ற வெளிநாட்டு ஊழியர்களுக்கான 'நீல அட்டை' என்னும் வேலை அனுமதி வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்கும், படிக்கும் விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காது.

ஆறாம் வகுப்பில் பிடித்த பணம் என்ன ஆகும்? எண் வந்ததும் நிறுவனம் தரவுத்தளத்திலிருந்து சரியான வகுப்பை எடுக்கும். அதே ஆண்டுக்குள் என்றால், முந்தைய மாதங்களைத் திருத்தி, அடுத்த சம்பளத்தில் வித்தியாசத்தைச் சேர்த்துக் கொடுக்க முடியும். பல நிறுவனங்கள் கேட்காமலே செய்கின்றன. செய்யவில்லையென்றால் எழுதிக் கேளுங்கள். ஆண்டு முடிந்து வரிச் சான்று வரி அலுவலகத்துக்குப் போய்விட்டால் நிறுவனத்தின் கை அதற்கு மேல் எட்டாது; வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்துதான் திரும்பப் பெற வேண்டும். இதில் அதிகம் கவனிக்க வேண்டியவர்கள் அக்டோபருக்குப் பிறகு வந்து சேர்பவர்கள். எண் வருவதற்குள் ஆண்டே முடிந்துவிடும்.

அவர்களுக்குத் திரும்பி வருவதும் அதிகமாகவே இருக்கும். நவம்பரில் சேர்ந்து மாதம் 4,000 யூரோ வாங்கியவரின் அந்த ஆண்டு ஜெர்மானிய வருமானம் 8,000 யூரோதான். ஆண்டு விலக்கான 12,348க்கு உள்ளேயே அது அடங்கிவிடுகிறது. அந்த ஆண்டில் அதற்கு முன் வெளிநாட்டில் எதுவும் ஈட்டவில்லையென்றால், பிடித்த வருமான வரி முழுவதும் திரும்ப வேண்டியதே. சென்னையிலோ கொழும்பிலோ அக்டோபர் வரை சம்பளம் வாங்கியிருந்தால் அதையும் கணக்கில் காட்ட வேண்டும். அந்தப் பணத்துக்கு ஜெர்மனியில் வரி இல்லை. ஆனால் இங்கே ஈட்டியதற்கு எந்த விகிதத்தில் வரி என்று தீர்மானிக்க அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அப்போதும் ஆறாம் வகுப்பில் போனதில் ஒரு பகுதி பலருக்குத் திரும்பும்.

கட்டாயமின்றி, தாமாக முன்வந்து கணக்கு தாக்கல் செய்யும் ஊழியர்களுக்கு நான்கு ஆண்டு அவகாசம் உண்டு. 2026இல் பிடித்த வரிக்கு 2030 டிசம்பர் 31 வரை. வேலையை விட்டு ஊர் திரும்பியவர்களும் அங்கிருந்தே தாக்கல் செய்யலாம். அதற்கு வேண்டியது நிறுவனம் கொடுத்த ஆண்டிறுதி வரிச் சான்று. நாட்டை விட்டுக் கிளம்பும் முன் அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு இலக்க எண்ணும் அதிலேயே அச்சாகியிருக்கும்.